27 கிலோமீட்டரில் எங்கே விழும்? துகள் கற்றை இழப்பைக் கணினியில் கணக்கிடும் கதை

2003 டிசம்பரில், அமெரிக்காவின் சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஃபெர்மி ஆய்வகத்தில், டெவட்ரான் என்ற வட்ட மோதுவி, அதாவது துகள்களைக் கற்றையாக ஓட்டி மோதவிடும் எந்திரம், ஓடிக்கொண்டிருந்தது. கற்றைக்கு மிக நெருக்கமாக நகர்த்தி வைக்கும் ஓர் அளவீட்டுக் கருவி, நகரக் கூடாத நேரத்தில் நகர்ந்து கற்றைக்குள்ளேயே போய்விட்டது. அதில் பட்டுச் சிதறிய துகள்கள் காந்தங்களைச் சூடாக்கின, காந்தங்கள் செயலிழந்தன, கற்றை பாதை விலகியது. முடிவில் 5 மி.மீ. தடிமனுள்ள டங்ஸ்டன் தகட்டில் ஓட்டை விழுந்தது, அதற்கு அடுத்து இருந்த எஃகுக் கட்டையில் சுமார் 25 செ.மீ. நீளத்துக்குப் பள்ளம் விழுந்தது. டங்ஸ்டன் உருக வேண்டும் என்றால் 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். இத்தனையையும் செய்த கற்றையில் இருந்த ஆற்றல் ஒன்றிரண்டு மெகாஜூல்தான்.

இப்போது ஜெனீவா பக்கம் வருவோம். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லைக்கு அடியில் செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு அமைப்பு நடத்தும் எல்எச்சி மோதுவியின் சுற்றளவு 27 கி.மீ. வடிவமைப்புக் கணக்குப்படி ஒரு கற்றையில் 2,808 கொத்துகள், ஒவ்வொரு கொத்திலும் ஏறத்தாழ 11,500 கோடி புரோட்டான்கள், ஒவ்வொரு புரோட்டானுக்கும் 7 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். எல்லாவற்றையும் பெருக்கினால் ஒரு கற்றைக்கு 362 மெகாஜூல் வரும். அரை டன் செம்பை உருக்க அது போதும். அந்தக் கற்றை போகும் குழாயைச் சுற்றி இருப்பவையோ மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் மீக்கடத்திக் காந்தங்கள், மைனஸ் 271 டிகிரியில் திரவ ஹீலியத்தில் ஊறிக்கொண்டிருப்பவை. அவற்றின் கம்பிச் சுருளில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில மில்லிஜூல் வெப்பம் சட்டென்று இறங்கினாலே மீக்கடத்தும் தன்மை போய்விடும். இதை அங்கே குவெஞ்ச் என்பார்கள். குவெஞ்ச் ஆனால் கற்றையைத் தூக்கி எறிய வேண்டும், காந்தத்தை மறுபடி குளிர்விக்க வேண்டும், பல மணி நேரம் வேலை நின்றுபோகும்.

கற்றையில் இருக்கும் ஆற்றலுக்கும் காந்தம் தாங்கும் ஆற்றலுக்கும் இடையே ஏறத்தாழ பத்தாயிரம் கோடி மடங்கு வித்தியாசம். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் இந்தத் துறையில் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது புரிந்துவிடும். புரோட்டான்கள் இழக்கப்படத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. எங்கே இழக்கப்படுகின்றன, எத்தனை என்பதுதான் கேள்வி. அதைக் கற்றையை விடுவதற்கு முன்னாலேயே கணினியில் தெரிந்துகொள்வதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

துகள் ஏன் வழி தவறுகிறது

வட்டப் பாதையில் ஒரு புரோட்டான் நேர்த்தியாக நடுக்கோட்டிலேயே போவதில்லை. இருமுனைக் காந்தங்கள் அதை வளைக்கின்றன, நான்முனைக் காந்தங்கள் அதை நடுவை நோக்கித் திரும்பத் திரும்ப இழுக்கின்றன. அதனால் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடிக்கொண்டே ஓடுகிறது. எல்எச்சியில் ஒரு சுற்று முடிவதற்குள் இப்படி சுமார் 60 முறை ஊசலாடும். ஒரு நொடிக்கு 11,245 சுற்று. இந்த ஊசலுக்கு பீட்டாட்ரான் அலைவு என்று பெயர். ஒரு சுற்றுக்கு எத்தனை அலைவு என்ற எண்ணை டியூன் என்பார்கள். டியூனின் தசமப் பகுதி மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று மாதிரியான எளிய பின்னத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால், காந்தங்களில் உள்ள சிறிய குறைகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே தாளத்தில் துகளைத் தள்ளி, அலைவை வளர்த்துவிடும்.

அது ஒரு காரணம். எதிரே வரும் கற்றையின் மின்புலம் தள்ளுவது இன்னொன்று. குழாயில் வெற்றிடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகளில் மோதுவது, ஒரே கொத்துக்குள் இருக்கும் புரோட்டான்கள் ஒன்றையொன்று தட்டிவிடுவது, மின்வழங்கிகளின் நடுக்கம் என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை மெதுவாக வேலை செய்பவை. ஒரு துகள் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான சுற்றுகள் எடுத்துக்கொள்ளும். அதனால் கற்றைக்கு அடர்த்தியான ஒரு மையமும், அதைச் சுற்றி மெல்லிய ஓர் ஓரப் படலமும் இருக்கும். இந்தப் படலத்தை ஹேலோ என்பார்கள். கற்றை இழப்பு என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இந்த ஹேலோவின் கதைதான்.

ஹேலோவை அப்படியே விட்டால் அது எங்கோ ஒரு குளிர்ந்த காந்தத்தின் சுவரில் போய் விழும். விடாமல் இருக்க, வேண்டுமென்றே அதன் வழியில் கட்டைகளை வைக்கிறார்கள். இவைதான் காலிமேட்டர்கள். எல்எச்சி வளையத்தில் இவை சுமார் நூறு இருக்கின்றன. பெரும்பகுதி இரண்டு இடங்களில் குவிந்திருக்கிறது: வளையத்தை எட்டுப் புள்ளிகளாகப் பிரித்தால் மூன்றாம் புள்ளியில் ஆற்றல் விலகிய துகள்களுக்கு, ஏழாம் புள்ளியில் அலைவு பெருத்த துகள்களுக்கு. கற்றையின் இரு பக்கமும் இரண்டு தாடைகள், நடுவே கற்றை போகும் இடைவெளி. ஏழாம் புள்ளியில் சில காலிமேட்டர்களில் அந்த இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அரை டன் செம்பை உருக்கும் ஆற்றல் அந்த இடுக்கு வழியாக நொடிக்கு 11,245 முறை போய்வருகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

முதல் வரிசைக் காலிமேட்டர்கள் கார்பன் சார்ந்த பொருளால் ஆனவை, தாடை 60 செ.மீ. நீளம். ஏன் டங்ஸ்டன் மாதிரி கனமான உலோகம் இல்லை என்று கேட்கலாம். கற்றைக்கு மிக அருகில் இருப்பவை இவைதான், அடியும் முதலில் இவற்றுக்குத்தான், கனமான உலோகமாக இருந்தால் ஆற்றல் முழுவதும் சின்ன இடத்தில் குவிந்து டெவட்ரானில் நடந்ததே நடக்கும். கார்பன் தாங்கும், ஆனால் முழுதாக நிறுத்தாது. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் ஒரு காயின் ஓரத்தை மட்டும் உரசினால் ஸ்ட்ரைக்கர் நிற்காமல் லேசாகத் திசை மாறிப் போகுமே, அப்படிச் சில மைக்ரோரேடியன் கோணம் திரும்பிப் பல புரோட்டான்கள் தப்பிவிடும். அவற்றைப் பிடிக்க, கொஞ்சம் பின்வாங்கிய நிலையில் ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டாம் வரிசை, அதற்குப் பின்னால் டங்ஸ்டன் உறிஞ்சிகள், அதற்கும் மேலே மோதல் நடக்கும் இடங்களுக்கு முன்பாகக் கடைசிக் காவலாக இன்னொரு வரிசை. எல்லாம் படிப்படியான ஏற்பாடு. முந்தைய வரிசையை விட அடுத்தது சற்றே தள்ளி நிற்க வேண்டும், வரிசை குழம்பினால் இரண்டாம் வரிசை முதலாவதாக மாறி, தப்பிய துகள்களைப் பிடிக்க ஆள் இல்லாமல் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு தப்புவது யார்? பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வகைப் புரோட்டான்தான். கார்பன் அணுக்கருவில் மோதி, உடையாமல், திசையும் அதிகம் மாறாமல், ஆற்றலில் மட்டும் ஒரு துளியை இழந்துவிட்டு வெளியே வரும். நேராகப் போகும் பகுதியில் அதற்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசமே தெரியாது, அடுத்த காலிமேட்டர்களையும் எளிதாகக் கடந்துவிடும். வளைக்கும் காந்தங்கள் தொடங்கும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும்: ஆற்றல் குறைந்ததால் மற்றவற்றை விட அதிகமாக வளைந்து, ஏழாம் புள்ளியைத் தாண்டியதும் வரும் குளிர்ந்த காந்தங்களின் சுவரில் விழும். முழு வளையத்திலும் குளிர்ந்த பகுதியில் இழப்பு அதிகமாக விழும் இடம் அதுதான். இதைச் சிமுலேஷன், அதாவது கணினியில் ஓட்டிப் பார்த்த கணக்கு, முன்கூட்டியே சொன்னது, பிறகு கருவிகளும் அதே இடத்தைக் காட்டின.

கணினிக்குள் என்ன நடக்கிறது

சரி, இதை எப்படிக் கணக்கிடுவது? மூன்று வேலைகள். துகளைக் காந்தங்கள் வழியாக நகர்த்த வேண்டும். காலிமேட்டரில் பட்டால் அதற்கு என்ன ஆகும் என்று பகடை உருட்ட வேண்டும். குழாயின் சுவரைத் தொட்டுவிட்டதா என்று ஒவ்வோர் இடத்திலும் பார்க்க வேண்டும். எந்த நிரலை எடுத்தாலும் உள்ளே இந்த மூன்றும்தான்.

நகர்த்துவதிலிருந்து தொடங்கலாம். ஒரு துகளின் நிலையைச் சொல்ல ஆறு எண்கள் போதும்: கிடைமட்டத்தில் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, என்ன கோணத்தில் போகிறது, செங்குத்தில் அதே இரண்டு, கொத்தின் நடுவுக்கு முன்னே பின்னே எவ்வளவு, ஆற்றல் எவ்வளவு விலகியிருக்கிறது. ஒவ்வொரு காந்தமும் இந்த ஆறு எண்களை வாங்கி வேறு ஆறு எண்களாகத் திருப்பித் தரும் ஒரு சார்பு. வளையத்தில் இப்படி ஆயிரக்கணக்கான உறுப்புகள் வரிசையாக. செர்னில் நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்ட நிரலின் பெயரே சிக்ஸ்ட்ராக். ஜெர்மனியின் டேசி ஆய்வகத்தில் பிறந்தது. இப்போது அதன் இடத்தை எக்ஸ்சூட் என்ற பைத்தான் தொகுப்பு பிடித்துவருகிறது, ஜிபியு எனப்படும் வரைகலைச் சிப்பிலும் ஓடும், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

புதிதாக வருபவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. கல்லூரியில் கற்ற வழக்கமான எண்முறைகளை வைத்து, ரங்கே-குட்டா போல, நகர்வைக் கணக்கிட்டால் என்ன என்று தோன்றும். ஒரு சுற்றுக்கு அருமையான விடை வரும். ஆனால் அந்த முறைகள் ஒவ்வொரு படியிலும் அலைவின் வீச்சில் மிக நுண்ணிய பிழையைச் சேர்க்கும், அதுவும் பெரும்பாலும் ஒரே திசையில். ஒரு சுற்றுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வீச்சு தப்பாக வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் சுற்று ஓட்டினால் வீச்சு 2.7 மடங்காகிவிடும். நிஜ எந்திரத்தில் பத்திரமாக ஓடும் துகள் உங்கள் கணினியில் சுவரில் முட்டிச் செத்துவிடும். பிழை சிறியதா பெரியதா என்பதை விட அது சேர்ந்துகொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம். அதனால் சிம்ப்ளெக்டிக் எனப்படும் முறைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்: இடமும் கோணமும் சேர்ந்த வரைபடத்தில் துகள்கள் அடைத்திருக்கும் பரப்பு மாறாமல் காக்கும் முறைகள். எளிய வழி, ஒவ்வொரு காந்தத்தையும் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, துண்டுக்குத் துண்டு ஒரு தட்டு, பிறகு நேராகக் கொஞ்சம் நகர்வு, மறுபடி ஒரு தட்டு என்று போவது. பார்க்கக் கச்சாவாகத் தெரியும். ஆனால் கற்றை இயற்பியலில் இந்தக் கச்சா முறைக்குத்தான் நம்பகத்தன்மை அதிகம்.

இரண்டாவது வேலை, காலிமேட்டருக்குள் நடப்பது. இங்கே காந்தக் கணக்கு இல்லை, பொருளோடு மோதல். எலெக்ட்ரான்களில் உரசி ஆற்றல் குறைவது, அணுக்கருக்களின் மின்புலத்தில் பலமுறை லேசாகத் திசை மாறுவது, அணுக்கருவில் மோதி மீள்வது, முழுதாக உடைவது, மேலே சொன்ன ஆற்றலை மட்டும் இழக்கும் வகை. எது நடக்கும் என்பது ஒரு துகளுக்கு முன்கூட்டித் தெரியாது, நிகழ்தகவு மட்டுமே தெரியும். எனவே மான்டே கார்லோ முறை: தற்செயல் எண்ணை எடு, தகவுப்படி ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடு, துகளின் ஆறு எண்களையும் அதற்கேற்ப மாற்று, உயிரோடு இருந்தால் வெளியே அனுப்பு. வேகம் வேண்டும் என்றால் சிக்ஸ்ட்ராக்குக்கு உள்ளேயே இருக்கும் எளிமையான மோதல் பகுதியை வைத்துக்கொள்வார்கள், துல்லியம் வேண்டும் என்றால் ஃப்ளூகா அல்லது ஜியான்ட்4 போன்ற பெரிய நிரல்களோடு இணைத்து ஓட்டுவார்கள்.

மூன்றாவது, சுவர். குழாயின் குறுக்குவெட்டு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. எல்எச்சியின் குளிர்ந்த பகுதிகளில் மேலும் கீழும் தட்டையாக்கப்பட்ட வட்டம், வேறு இடங்களில் வட்டம், நீள்வட்டம். துகள் ஒரு காந்தத்தின் தொடக்கத்தில் குழாய்க்குள் இருந்து முடிவில் வெளியே இருந்தால் இடையில் எங்கோ சுவரைக் கடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் காந்தம் 15 மீட்டர் நீளம், அதில் எங்கே? பின்னோக்கிப் போய் 10 செ.மீ. இடைவெளிகளில் தேடிக் கண்டுபிடிப்பார்கள். இந்த 10 செ.மீ. துல்லியம் அநாவசியமாகத் தோன்றலாம், ஆனால் காந்தத்தின் எந்த முனையில் வெப்பம் இறங்குகிறது என்பதை வைத்துத்தான் குவெஞ்ச் ஆகுமா ஆகாதா என்பதே முடிவாகிறது.

அரிதான துகளைத் தேடுவது

கற்றையில் உள்ள எல்லாப் புரோட்டான்களையும் கணினியில் ஓட்டலாமே என்றால், மூன்று கோடி கோடிக்கும் மேல் இருக்கின்றன, முடியாது. மாதிரிக்குச் சில லட்சத்தை எடுத்து நிஜக் கற்றை மாதிரியே பரப்பி ஓட்டலாமா? அதுவும் வீண். பெரும்பாலானவை மையத்தில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. எல்எச்சியைத் திட்டமிட்ட காலத்தில் காந்தக் குறைகளின் விளைவைப் பார்க்க ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் சுற்று வரை துகள்களை ஓட்டினார்கள். அதற்குக் கணினி போதாமல் 2004-ல் எல்எச்சி அட் ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கி, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் வீட்டுக் கணினிகளையும் பயன்படுத்திக்கொண்டார்கள். பத்து லட்சம் சுற்று என்பது நிஜ எந்திரத்தில் ஒன்றரை நிமிடம். கற்றையோ பல மணி நேரம் ஓடுவது.

ஆகவே கற்றை இழப்புச் சிமுலேஷனில் வேறு தந்திரம். துகள் எப்படி ஓரத்துக்கு வந்தது என்ற நீண்ட கதையை விட்டுவிட்டு, வந்துவிட்டது என்றே தொடங்குவார்கள். முதல் வரிசைக் காலிமேட்டரின் விளிம்பைத் தொடும் அலைவு வீச்சிலேயே எல்லாத் துகள்களையும் வைப்பது. விளிம்புக்கு எத்தனை மைக்ரோமீட்டர் உள்ளே பட வேண்டும் என்பதை மட்டும் நாமே தேர்ந்தெடுக்கிறோம். பிறகு 200 சுற்று ஓட்டினால் போதும், 18 மில்லிநொடி, அதற்குள் ஏறத்தாழ எல்லாமே எங்காவது விழுந்துவிடும். இந்தத் தந்திரம் கணினி நேரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்துகிறது. அதே சமயம், கிடைக்கும் விடை ‘காலிமேட்டரில் பட்ட துகள்களில் எத்தனை பங்கு எங்கே போகிறது’ என்பதற்கு மட்டும்தான். நொடிக்கு எத்தனை துகள் காலிமேட்டரில் படும் என்பதை இது சொல்லாது, அதை வேறு வழியில்தான் கொண்டுவர வேண்டும். படங்களைப் பார்ப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம், எல்லாம் வடிவமைப்புக் காலத்து எண்கள். கற்றையின் ஆயுள், அதாவது இழப்பு அதே வேகத்தில் தொடர்ந்தால் கற்றை தீர ஆகும் நேரம், மோசமாகிச் சில நொடிகளுக்கு 0.2 மணி, அதாவது 12 நிமிடம், என்ற அளவுக்கு விழுந்தாலும் எந்திரம் தாங்க வேண்டும் என்று வைத்தார்கள். 362 மெகாஜூலை 720 நொடியால் வகுத்தால் 500 கிலோவாட். துகள் கணக்கில் நொடிக்கு 45,000 கோடி புரோட்டான்கள் காலிமேட்டர்களை நோக்கி வருகின்றன. காந்தமோ, 7 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டில், மீட்டருக்கு நொடிக்கு 78 லட்சம் புரோட்டான் வரைதான் தாங்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் வகுத்தால், ஒரு மீட்டரில் விழ அனுமதி லட்சத்தில் 1.7 பங்கு. சுவரில் விழும் இடத்தை நாம் 10 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து எண்ணுவதால் அதற்கு இன்னும் பத்தில் ஒரு பங்கு, பத்து லட்சத்தில் 1.7.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு கணினி பக்கம் திரும்புங்கள். ஒரு லட்சம் துகளை ஓட்டினால் ஆபத்தான ஒரு கட்டத்தில்கூட ஒன்றுமே விழாமல் போக நிறைய வாய்ப்பு. வெறும் கோடு தெரியும், ‘அருமை, இழப்பே இல்லை’ என்று எழுந்துபோகலாம், அது பொய். இந்த ஆய்வுகளில் வழக்கமாக ஓட்டிய எண்ணிக்கை 64 லட்சம், பின்னாளில் அதற்கு மேலும். 64 லட்சம் ஓட்டினால் எல்லையைத் தொடும் கட்டத்தில் 11 துகள் விழும். பதினொன்றின் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.3, ஆகவே விடையில் 30 விழுக்காடு ஏறியிறங்கும் சந்தேகம் அப்படியே இருக்கும். 64 லட்சம் துகளை ஓட்டி, விடை பதினோரு துகளைப் பொறுத்து நிற்கிறது! இந்தத் துறையின் கஷ்டம் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். காந்தம், மோதல், சுவர் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிடலாம், ஆனாலும் தேடுவது லட்சத்தில் ஒன்று தவறும் துகளை. அந்த ஒன்று எந்தக் குறையால் தவறுகிறதோ அந்தக் குறை உங்கள் மாதிரியில் இல்லை என்றால் எத்தனை கோடி ஓட்டினாலும் அது வராது.

குறைகள் என்றால் இவை: காலிமேட்டர் தாடை கொஞ்சம் சாய்ந்திருப்பது, மேற்பரப்பு முழுச் சமதளமாக இல்லாதது, நடுக்கோட்டை விட்டுக் கற்றை சிறிது விலகி ஓடுவது, காந்தப் புலத்தில் நுண்ணிய பிழைகள். எல்லாம் மைக்ரோமீட்டர் அளவுச் சமாச்சாரம். ஆனால் துகளே விளிம்பில் சில மைக்ரோமீட்டர் ஆழத்தில்தான் படுகிறது, தாடை அதே அளவு சாய்ந்திருந்தால் 60 செ.மீ. கார்பனைக் கடக்க வேண்டிய துகள் ஒரு மூலையை மட்டும் கடந்து வெளியே வந்துவிடும். அதனால் குறைகளைத் தற்செயலாகச் சேர்த்துப் பலமுறை ஓட்டிப் பார்ப்பார்கள், ஒரே ஓட்டத்தை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை.

நிஜத்தோடு ஒப்பிடுவது

எல்எச்சி வளையம் முழுவதும் காந்தங்களுக்கு வெளியே சுமார் 4,000 இழப்பு உணரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை அரை மீட்டர் நீள உருளைகள், உள்ளே நைட்ரஜன் வாயு. துகள் பொழிவு வந்தால் வாயு அயனியாகி மின்னோட்டம் வரும். 40 மைக்ரோநொடிக்கு ஒருமுறை அளந்து, வரம்பைத் தாண்டினால் கற்றையை வெளியேற்றும் கட்டளை போய்விடும், மூன்று சுற்றுக்குள் கற்றை முழுவதும் கிராஃபைட் கட்டையில் இறங்கிவிடும்.

சோதனைக்காக, புரோட்டான் குறைவாக உள்ள கற்றையை மட்டும் விட்டு, அதைத் தாறுமாறாக உலுக்கி வேண்டுமென்றே ஓரத்துக்குத் தள்ளி, எல்லா உணரிகளின் அளவையும் வளையத்தின் நீளவாக்கில் வரைவார்கள். இதற்கு இழப்பு வரைபடம் என்று பெயர். செர்ன் படங்களில் கறுப்புக் கோடு காலிமேட்டர், சிவப்பு சாதாரண வெப்பநிலைப் பகுதி, நீலம் குளிர்ந்த பகுதி. எல்லோர் கண்ணும் நீலத்தில்தான் இருக்கும். கறுப்பு எவ்வளவு உயரமாக இருந்தாலும் பரவாயில்லை, அதற்குத்தான் அவற்றை அங்கே வைத்தார்கள். அச்சு மடக்கை அளவில் இருக்கும், ஒரு கோடு மேலே போனால் பத்து மடங்கு, அதை மறந்து பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி ஆபத்தாகத் தெரியும்.

சிமுலேஷன் படத்தையும் அளந்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் இழப்பு விழும் இடங்கள் நன்றாகவே பொருந்துகின்றன. உயரங்கள் பல இடங்களில் பொருந்தாது, சில இடங்களில் பல மடங்கு வித்தியாசம். சிமுலேஷன் தவறு என்று அவசரப்படக் கூடாது. சிமுலேஷன் எண்ணுவது சுவரில் விழுந்த புரோட்டான்களை. உணரி அளப்பது அந்தப் புரோட்டான் இரும்பிலும் செம்பிலும் மோதிப் பொழியும் இரண்டாம் தலைமுறைத் துகள்களை, அதுவும் வெளியே தப்பி வந்ததை. ஒரு காலிமேட்டரின் பொழிவு அடுத்த காலிமேட்டரின் உணரியிலும் சேர்ந்துவிடும். நேர்மையாக ஒப்பிட வேண்டும் என்றால் விழுந்த இடங்களின் பட்டியலை ஃப்ளூகாவிடம் கொடுத்து, காந்தம், உணரி, சுரங்கச் சுவர் எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் அமைத்து, பொழிவை உணரி வரைக்கும் ஓட்ட வேண்டும். அப்படிச் செய்தால் வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது.

78 லட்சம் என்று மேலே போட்ட வரம்பும் கல்வெட்டு அல்ல. 2013 பிப்ரவரியில் 4 டெரா எலெக்ட்ரான் வோல்ட் கற்றையை வைத்து, இழப்பு ஒரு மெகாவாட்டைத் தொடும் அளவுக்கு உலுக்கினார்கள், காந்தங்கள் குவெஞ்ச் ஆகவில்லை. காந்தம் நினைத்ததை விடத் தாங்குகிறது என்று தெரிந்தது.

புரோட்டானை விட ஈய அயனிகள்தான் பெரிய தலைவலி. ஆண்டில் சில வாரம் எல்எச்சி ஈயத்தை மோதவிடும். ஈய அணுக்கரு காலிமேட்டரில் பட்டால் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டுக்கும் மின்னூட்டமும் நிறையும் வேறு விகிதத்தில் இருப்பதால், காந்தத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். தப்பும் பங்கு புரோட்டானை விட ஏறத்தாழ நூறு மடங்கு. அதற்கு 2023 ஈய ஓட்டத்தில் வந்த வழி வளைந்த சிலிக்கான் படிகம். நான்கு மில்லிமீட்டர் நீளம், 50 மைக்ரோரேடியன் வளைவு. துகள் படிகத்தின் அணுத்தளங்களுக்கு இடையில் சிக்கிக்கொண்டு அதன் வளைவோடே திரும்பி, நேராக ஓர் உறிஞ்சியில் போய் விழும். அதே அளவு திருப்பக் காந்தம் வைத்தால் அந்த நான்கு மில்லிமீட்டரில் சுமார் 280 டெஸ்லா வேண்டும், எல்எச்சியின் இருமுனைக் காந்தங்களின் உச்சம் 8.3. படிகத்துக்குள் துகள் சிக்குவதையும் நழுவுவதையும் சிமுலேஷனில் சேர்க்கத் தனி நிரல்பகுதி எழுத வேண்டியிருந்தது.

ஈயத்தில் இன்னொரு வகை இழப்பு மோதும் இடத்திலேயே பிறக்கிறது. இரண்டு அணுக்கருக்கள் மோதாமல் உரசிப் போகும்போது எலெக்ட்ரான், பாசிட்ரான் ஜோடி உருவாகி, எலெக்ட்ரான் ஓர் அணுக்கருவோடு ஒட்டிக்கொள்ளும். மின்னூட்டம் 82-ல் இருந்து 81 ஆகிவிடும். அவ்வளவுதான், அந்த அயனி இனிக் கற்றையோடு போக முடியாது, மோதுமிடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் போய் விழும். எல்லாமே ஒரே மாதிரி வளைவதால் அது கூர்மையான ஒரு தனிக் கற்றை, ஹேலோ மாதிரி பரவாது. எங்கே விழும் என்று கணக்கிட்டு வைத்திருந்தார்கள், 2015-ல் சோதனையாக அதை வைத்தே ஒரு காந்தத்தைக் குவெஞ்ச் செய்துகாட்டினார்கள்.

இந்த முறையில் அடங்காதவையும் உண்டு. மைக்ரோமீட்டர் அளவுத் தூசி ஒன்று குழாயின் மேல்பக்கத்திலிருந்து கற்றைக்குள் விழுந்து, ஒரு மில்லிநொடிக்குள் இழப்பு எகிறி அடங்கும், எல்எச்சியில் 2010-லிருந்து பார்க்கிறார்கள். அதற்குத் தூசியின் அளவு, விழும் வேகம், கற்றை அதை அயனியாக்கித் திருப்பித் தள்ளுவது என்று வேறு கணக்கு வேண்டும். ஜப்பானின் சுகுபாவில் உள்ள சூப்பர்கெக்பி மோதுவியில் கற்றை ஓரிரு சுற்றுக்குள் திடீரென்று காணாமல் போய்க் காலிமேட்டர்களைச் சேதப்படுத்தியது. ஒரு சுற்று அங்கே 10 மைக்ரோநொடி. ஹேலோவை விளிம்பில் வைத்து ஓட்டும் நமது தந்திரம் அங்கே உதவாது, எது கற்றையைத் தள்ளியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கையால் செய்து பார்க்க விரும்பினால் பைத்தானில் இருபது வரி போதும். இரண்டு எண்களை மட்டும் வையுங்கள், இடமும் கோணமும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் புள்ளியை 0.31 முழுச்சுழற்சி அளவுக்குச் சுழற்றுங்கள். இடம் ஒரு வரம்பைத் தாண்டினால் துகள் இழப்பு என்று சுற்று எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். இப்படியே ஓட்டினால் ஒன்றும் ஆகாது, எல்லாத் துகளும் தத்தம் வட்டத்தில் சுற்றும். இப்போது சுழற்றுவதற்கு முன் கோணத்தோடு இடத்தின் வர்க்கத்தைக் கூட்டுங்கள், அது ஓர் அறுமுனைக் காந்தம். வட்டங்கள் நசுங்கி, பெரிய வீச்சில் உள்ள துகள்கள் சில சுற்றுகளில் ஓடிப்போகும். டியூனை 0.31-லிருந்து 0.33 நோக்கி மெல்ல நகர்த்தினால் தப்பிப் பிழைக்கும் பகுதி முக்கோண வடிவம் எடுத்து, மூன்றில் ஒன்றை நெருங்க நெருங்கச் சுருங்கும். அப்புறம் ஓரத்தில் ஒரு காலிமேட்டரை வைத்து, அதில் படும் துகளுக்குப் பத்தில் ஒன்பது முறை மரணம், ஒரு முறை சிறிய கோண மாற்றம் என்று பகடை உருட்டுங்கள். அதற்குப் பிறகு தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று என்று தப்பும் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே போய், வரம்பைத் தாண்டி விழும் துகள்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்போது, தற்செயல் எண்ணின் தொடக்க மதிப்பை மட்டும் மாற்றி மறுபடி மறுபடி ஓட்டி, விடை எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள்.